ஏற்காடு எம்.எல்.ஏ.வின் ஓட்டு ஏன் 176? எம்.பி. சீட்டோடு சேர்த்து நாம் கேட்க வேண்டிய பிரிவு 55

பதிவு கொஞ்சம் நீளம்தான், நடுவுல கணக்கும் வரும். பொறுமையா கடைசி வரை படிச்சிடுங்க.

பூத் கமிட்டி வேலையா ஏற்காடு மேல போயிருந்தோம். மஞ்சக்குட்டை பக்கம் டீக்கடையில காபித் தோட்டத்து வேலைக்குப் போற பெரியவர் ஒருத்தர் கேட்டார்: "ஏந்தம்பி, பஞ்சாயத்துக்கு ஓட்டுப் போடுறோம், எம்.எல்.ஏ.வுக்குப் போடுறோம், எம்.பி.க்கும் போடுறோம். ஜனாதிபதிக்கு மட்டும் நம்மள யாரும் கூப்பிடறதே இல்லையே? அந்தம்மா எங்களாட்டம் பழங்குடின்னு டிவியில சொன்னாங்க. அவங்களுக்கு ஓட்டுப் போட்டது யாருப்பா?"

கூட வந்த தம்பி ஒருத்தன், "அமெரிக்கா மாதிரிதாங்க ஐயா, எலெக்டோரல் காலேஜ்" என்றான். பாதி சரி, பாதி தப்பு.

அமெரிக்காவுல மக்கள் ஓட்டுப் போடுறாங்க. ஆனா அந்த ஓட்டை நாடு முழுக்க ஒண்ணாக் கூட்டி ஜெயிச்சவரை அறிவிக்கறதில்லை. மாநிலத்துக்கு மாநிலம் எலெக்டர்கள் எண்ணிக்கை உண்டு: கலிஃபோர்னியாவுக்கு 54, வயோமிங்குக்கு 3, மொத்தம் 538. மெய்ன், நெப்ராஸ்கா ரெண்டு மாநிலம் தவிர மத்த இடத்துல ஒரு ஓட்டு அதிகம் வாங்கினாலும் அந்த மாநிலத்து எலெக்டர் அத்தனை பேரும் அவருக்கே. 270 வந்தா அதிபர். அதனாலதான் 2016ல ஹிலாரி கிளின்டன் ட்ரம்பை விட ஏறக்குறைய 29 லட்சம் ஓட்டு அதிகம் வாங்கியும் தோத்தார். 2000ல அல் கோருக்கும் இதே கதை. (2024ல நம்ம திருவாரூர் மாவட்டம் துளசேந்திரபுரத்துல கமலா ஹாரிஸுக்காக கோயில்ல பூஜை எல்லாம் நடந்துச்சு. அவர் மக்கள் ஓட்டு, எலெக்டர் ஓட்டு ரெண்டுலயுமே தோத்தார், அது வேற கதை.)

இந்தியாவுல மக்கள் நேரடியா போடுறதே இல்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும் மட்டும்தான். நியமன உறுப்பினர்களுக்கு ஓட்டு கிடையாது. எம்.பி.க்கு பச்சை நிற வாக்குச்சீட்டு, எம்.எல்.ஏ.வுக்கு பிங்க். ரகசிய வாக்கு, கொறடா உத்தரவு செல்லாது. ஏற்காடு எம்.எல்.ஏ. தன் இஷ்டப்படி போடலாம், கட்சி தலையெழுத்து!

ஆனா எல்லா எம்.எல்.ஏ. ஓட்டும் ஒரே எடை இல்லை. மாநிலத்தின் மக்கள்தொகையை எம்.எல்.ஏ. எண்ணிக்கையால வகுத்து, வர்றதை மறுபடி ஆயிரத்தால வகுக்கணும். தமிழ்நாட்டுக்கு 4,11,99,168 ÷ 234 ÷ 1000 = 176. ஏற்காடு ஆனாலும் சரி, சென்னை கொளத்தூர் ஆனாலும் சரி, அதே 176தான். உத்தரப் பிரதேசத்துக்கு 208, சிக்கிமுக்கு 7. நாடு முழுக்க எம்.எல்.ஏ.க்களோட மதிப்பைக் கூட்டி 776 எம்.பி.க்களுக்குப் பங்கு போட்டா ஒரு எம்.பி. ஓட்டு வரும். 2022ல அது 700. அந்த 2022 ஜூலை 18 தேர்தல்லதான் திரௌபதி முர்மு 6,76,803, யஷ்வந்த் சின்ஹா 3,80,177.

பெரியவருக்கு இதைத்தான் சொன்னேன்: "நீங்க எம்.எல்.ஏ.வுக்குப் போட்ட ஓட்டு 176 ஆகி டெல்லி போகுது. கள்ளக்குறிச்சி எம்.பி.க்குப் போட்டது, ஏற்காட்டோட சேர்த்து ஆறு தொகுதிக்காரங்க ஓட்டாச் சேர்ந்து, 700 ஆகிப் போகுது." 2013ல நம்ம ஏற்காடு எம்.எல்.ஏ. காலமாகி, டிசம்பர் 4ல இடைத்தேர்தல் நடந்துச்சே, ஞாபகம் இருக்கா? சீட் காலியா இருந்த அந்த மாதங்கள்ல ஜனாதிபதி தேர்தல் வந்திருந்தா அந்த 176 கணக்குலயே வந்திருக்காது. காலி இடம் இருக்குன்னு தேர்தலும் நிக்காது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். அந்த 4.11 கோடி எந்த வருஷத்து மக்கள்தொகைன்னு பாத்தீங்களா? 1971. என் அப்பாவே அப்ப சின்னப் பையன்.

தெரியாம பழைய கணக்கை வச்சுக்கலை. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்கா நடத்துற மாநிலம் தண்டிக்கப்படக் கூடாதுன்னு 1976ல 42ஆவது திருத்தம் போட்டு 1971 எண்ணை உறைய வச்சாங்க. 2001ல 84ஆவது திருத்தம் அதை நீட்டிச்சது. 2026க்குப் பிறகு எடுக்கிற முதல் கணக்கெடுப்பின் எண்ணிக்கை வெளியாகற வரைக்கும்தான் அந்தப் பாதுகாப்பு. அடுத்த கணக்கெடுப்புக்கு மத்திய அரசு அறிவிச்ச தேதி 2027 மார்ச் 1. கவனிச்சீங்களா?

ரொம்ப வேணாம், 2011 கணக்கை மட்டும் போட்டுப் பார்ப்போம். தமிழ்நாடு 7,21,47,030. எம்.எல்.ஏ. மதிப்பு 308 ஆகும். 'ஏறிடுச்சே, நல்லதுதானே'ன்னு தோணும். பக்கத்துல வச்சுப் பாருங்க. பீகார் இன்னைக்கு 173, நம்மள விட 3 கம்மி. 2011 கணக்குல 428. ராஜஸ்தான் இன்னைக்கு 129, அது 343 ஆகி நம்மைத் தாண்டிப் போயிடும். உ.பி. 208லிருந்து 496. இன்னைக்கு உ.பி. எம்.எல்.ஏ.க்களோட மொத்த மதிப்பு 83,824, நம்மது 41,184, ரெண்டு மடங்கு. 2011 எண்ணுல அது இரண்டே முக்கால் மடங்கு ஆகிடும். கேரளா நிலைமை நம்மள விட மோசம், 152லிருந்து 239தான்.

அமெரிக்காவுல 2020 கணக்கெடுப்புல இன்னும் 89 பேர் கூட இருந்திருந்தா நியூயார்க் ஒரு சீட்டைக் காப்பாத்தியிருக்கும். 89 பேரால ஒரு எலெக்டர் போச்சு. தலை எண்ணிக்கை அதிகாரத்தை எப்படி நகர்த்தும்னு புரிய இது போதும்.

'ஒரு மனுஷனுக்கு ஒரே மதிப்புதானே நியாயம்?'னு எதிர்த்தரப்பு கேக்கும். நியாயமான கேள்வி, கிண்டல் பண்ணி கடந்து போகாதீங்க. ஆனா இந்தியா வெறும் தலைகளின் கூட்டம் இல்லை, மாநிலங்களின் ஒன்றியம். சின்னக் குடும்பம்னு ஒன்றிய அரசு சொன்னதைக் கேட்டு, செவிலியர்கள் மலையேறி வீடு வீடாப் போய் செஞ்சு காட்டின மாநிலத்துக்கு, அதே காரணத்துக்காக எடையைக் குறைக்கறது எந்த ஊர் நியாயம்?

இன்னொண்ணு. தொகுதி மறுவரையறை விவாதத்துல நம்ம ஆட்கள் எல்லாரும் எம்.பி. சீட் எத்தனைன்னு மட்டும் பேசுறோம். அது பிரிவு 81, 82. சட்டமன்றத்துக்கு 170. ஜனாதிபதி தேர்தல் ஓட்டு மதிப்பு தனியா பிரிவு 55ல இருக்கு. நாளைக்கே 'உங்க சீட்டு குறையாது'ன்னு 81, 82ஐ மட்டும் திருத்திட்டு 55ஐத் தொடாம விட்டா, நம்ம 39 எம்.பி. அப்படியே இருப்பாங்க, 234 எம்.எல்.ஏ.வும் இருப்பாங்க, ஆனா புது எண்ணிக்கை வெளியான அன்னைக்கே அவங்க ஓட்டோட எடை பீகாருக்குக் கீழ போயிடும். சட்டம் மாறாத வரை அது தானா நடக்கும், புதுசா யாரும் ஒரு மசோதா கூடக் கொண்டு வர வேண்டாம்.

இப்போதைய ஜனாதிபதியின் பதவிக்காலம் 2027 ஜூலை 24 வரை. அந்தத் தேர்தலுக்குள்ள புது எண்ணிக்கை வெளியாகலைன்னா 1971லதான் நடக்கும். அடி விழறது 2032ல. அதனால தீர்மானம் போடுற ஒவ்வொரு ஒன்றியமும், மனு எழுதுற ஒவ்வொரு கிளையும் 81, 82, 170ஓட 55ஐயும் சேர்த்து எழுதுங்க. அயோத்தியாப்பட்டணம், வாழப்பாடி தோழர்கள் ஏற்கனவே தட்டச்சு பண்ணிட்ட மனுவுல ஒரு வரி சேர்த்தா போதும்.

கணக்குல சந்தேகம் இருந்தா போன் கால்குலேட்டர்லயே போட்டுப் பாத்துடுங்க: மாநில மக்கள்தொகை, வகுத்தல் எம்.எல்.ஏ. எண்ணிக்கை, வகுத்தல் ஆயிரம். டீக்கடைப் பெரியவர் பேரன் பத்தாவது படிக்கறான், பக்கத்துலயே நின்னு எனக்கு முன்னாடி பீகாரை முடிச்சுட்டான்.