எழுத்துக்கும் மூச்சுவிட இடம் வேண்டும்

திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையின் நீளம் சுமார் 14 கிலோமீட்டர். பௌர்ணமி இரவில் அங்கே மயங்கி விழுந்தவருக்காக ஓடுபவர் 'முதலுதவி' என்ற சொல்லை ஒரே பார்வையில் படித்தாக வேண்டும். ஆகவே, எழுத்தின் முதல் வேலை அலங்காரமன்று, விளக்கமே என்பேன்.

ஆங்கில எழுத்துகளைச் சற்று விலக்கி வைத்தாலும் சொல் சிதையாது. தமிழில் 'கோ' என்ற ஓரெழுத்துக்கே கொம்பு, ககரம், கால் என மூன்று உறுப்புகள். அவற்றைப் பிரித்தால் கால் 'ர' போல மயக்கும். வரிகளை நெருக்கினால் மேல்வரியின் 'பு' கீழ்வரியின் 'கீ'யை இடிக்கும்.

பழைய ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் புள்ளி இராது, படிப்பவரே ஊகித்துக்கொண்டார். காகிதமும் திரையும் உள்ள இன்று, பூவேலைப்பாட்டில் புள்ளியை மறைப்பானேன்?

இன்னொன்று: 'ஔ' எழுத்துக்குப் பதிலாக 'ஒ', 'ள' இரண்டையும் தட்டுவோர் பலர். கண் ஏமாறும், கணினிக்கோ அவை இரண்டு எழுத்துகள். பிறகு ஔவையாரைத் தேடினால் எப்படி அகப்படுவார்?

அடுத்த கண்காட்சிக்கு அட்டை எழுதியதும் சுவரில் மாட்டுங்கள். பத்தடி தள்ளி நின்று தம்பியையோ தங்கையையோ படிக்கச் சொல்லுங்கள். அவர்கள் தடுமாறினால் குற்றம் கண்ணில் இல்லை, எழுத்தில்தான்!