கல்லாவை விட்டு எழுந்திருக்கப் பழகுவோம்

நம் மளிகைக் கடைகள் பலவும் முதலாளி கல்லாவில் இருக்கும் வரைதான் ஓடுகின்றன. யாரிடம் எவ்வளவு பாக்கி, எந்த மண்டியில் எந்தச் சரக்கு தரம் என்பதெல்லாம் அவர் மனத்தில் இருக்கிறது, ஏட்டில் இல்லை. அவர் பத்து நாள் படுத்துவிட்டால் வசூலும் நிற்கும், கொள்முதலும் நிற்கும். மொத்த வியாபாரம் செய்யும் நாங்கள் இதைக் கண்கூடாகப் பார்க்கிறோம். மிளகாய் வற்றல் வாங்க வரும் பையனுக்கு முண்டு எது, சம்பா எது என்று தெரிவதில்லை.

2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபின் ஆபத்து இன்னும் கூடிவிட்டது. மாதந்தோறும் கணக்குக் கொடுப்போர் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரமும், 20ஆம் தேதிக்குள் 3பி படிவமும் தாக்கல் செய்ய வேண்டும். கடை பூட்டிக் கிடந்து விற்பனையே இல்லாவிட்டாலும் தாக்கல் உண்டு. தவறினால் நாள் கணக்கில் தாமதக் கட்டணம். நம் விவரம் தாமதமானால், நம்மிடம் வாங்கிய வியாபாரிக்கு வரவேண்டிய வரிக் கழிவும் தள்ளிப்போகும்.

"எல்லாம் சொல்லிக்கொடுத்தால் பையன் எதிரிலேயே கடை போட்டுவிடுவான்" என்று அஞ்சுவோர் உண்டு. நம்மில் பலர் இன்னொருவர் கடையில் பொட்டலம் மடித்துத் தொழில் கற்றவர்கள்தாமே! அன்று அந்த முதலாளி மறைத்திருந்தால் நாம் ஏது?

மகனோ மகளோ மனைவியோ கடைப் பையனோ, ஒருவருக்குக் கொள்முதலையும் பேரேட்டையும் பழக்குவோம். மாதம் ஒரு நாள் வேண்டுமென்றே கடைக்குப் போகாமல் இருந்து பார்ப்போம். அன்று எந்த வேலை நின்றதோ, அதுதான் நாம் அடுத்துச் சொல்லித்தர வேண்டிய பாடம்.