பெட்டி எந்தக் கம்பெனின்னு பாக்காதீங்க, மேப் யாரோடதுன்னு பாருங்க

வெளிநாட்டுல இருக்கற சொந்தக்காரங்க லீவுக்கு வர்றதுக்கு முன்னாடி "உனக்கு என்ன வாங்கிட்டு வரட்டும்?"னு கேப்பாங்க. அது ஒரு காலம். இப்பல்லாம் நம்மகிட்ட ஓசியில ஆலோசனை கேக்கறாங்க. இங்கிலாந்துல இருக்கற என் அத்தை பையன் கேட்டது இது: "மச்சான், கார்ல வைக்க ஒரு நேவிகேட்டர் வாங்கப் போறேன். இங்கயும் ஓடணும், செங்கல்பட்டு வந்தா அங்கயும் ஓடணும். எந்தக் கம்பெனி வாங்கலாம்?"

இதே கேள்வியை வேற ரெண்டு மூணு பேரும் கேட்டாச்சு. தனித்தனியா சொல்றதுக்கு இங்கயே எழுதிடறேன். என் கட்சி இதுதான் மக்களே: கம்பெனி பேரைப் பாத்து வாங்காதீங்க. உள்ள இருக்கற மேப் யார் போட்டது, கடைசியா எப்பத் திருத்தினாங்க, நம்ம ஊர் அதுல ஒழுங்கா இருக்கா, இதைப் பாத்து வாங்குங்க. உள்ளூருக்கும் வெளிநாட்டுக்கும் ஒரே பெட்டி போதும்ங்கற ஆசையையும் விட்டுடுங்க.

ஏன்னு சொல்றேன்.

வானம் எல்லாருக்கும் பொது

இந்தக் கருவிக்கு வேலை ரெண்டு. நாம எங்க இருக்கோம்னு கண்டுபிடிக்கறது ஒண்ணு. போற இடத்துக்கு வழி சொல்றது இன்னொண்ணு.

முதல் வேலைக்கு செயற்கைக்கோள். சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துல சுத்தற அமெரிக்க ஜிபிஎஸ் கோள்கள்ல குறைஞ்சது நாலோட சிக்னல் கிடைச்சா போதும், நம்ம இடத்தைக் கணக்குப் போட்டுடும். 2000-ம் வருஷம் மே மாசம் வரைக்கும் பொதுமக்களுக்கான சிக்னல்ல அமெரிக்கா வேணும்னே பிழையைக் கலந்து அனுப்பிட்டிருந்தது. 100 மீட்டர் அளவுக்குத் தள்ளிக் காட்டும். கிளின்டன் உத்தரவு போட்டு அதை நிறுத்தினார். அதுக்கப்புறம்தான் கார் நேவிகேட்டர் வியாபாரம் சூடு பிடிச்சுது. இப்ப வெட்டவெளியில சில மீட்டர் துல்லியம்ங்கறது சர்வசாதாரணம். ரஷ்யாவோட குளோனாஸ், ஐரோப்பாவோட கலிலியோ, சீனாவோட பெய்டோ எல்லாத்தையும் பிடிக்கற சிப்பு சாதாரண போன்லயே வந்துடுச்சு.

"நம்ம இஸ்ரோவோட நாவிக் இருக்கற பெட்டியா பாத்து வாங்கட்டுமா?"ன்னு அடுத்த கேள்வி வரும். 2013-ல முதல் கோள் போச்சு, 2016-ல ஏழாவது போய் வரிசை முழுசாச்சு. பெருமைதான். ஆனா அதுக்கப்புறம் சில கோள்கள்ல அணுக்கடிகாரங்கள் பழுதாச்சு. 2025 ஜனவரியில அனுப்பின என்விஎஸ்-02 சேர வேண்டிய சுற்றுப்பாதைக்குப் போய்ச் சேரலை. அதனால நாவிக் இருந்தா சந்தோஷம், அதுக்காகத் தனியா காசு குடுக்க வேணாம்.

சுருக்கமா சொன்னா, முதல் வேலையை எல்லாப் பெட்டியும் ஏறத்தாழ ஒரே மாதிரிதான் செய்யுது. வித்தியாசமெல்லாம் ரெண்டாவது வேலையில. அது வானத்துலேருந்து வர்றதில்லை. யாரோ ஒருத்தர் ரோடு ரோடா சுத்தி, பேர் எழுதி, ஒருவழிப்பாதை எது, பாலம் எதுன்னு குறிச்சு வச்சது. அவர் நம்ம ஊர்ப்பக்கம் வந்தாரா, வந்தா எந்த வருஷம் வந்தாருங்கறதுதான் கேள்வி.

பேர்ல இருக்கு விஷயம்

செங்கல்பட்டுலேருந்து திருக்கழுக்குன்றம் வழியா மாமல்லபுரம் சுமார் 30 கிலோமீட்டர். இந்தச் சின்ன ரூட்டை வச்சே எந்த நேவிகேட்டரோட வண்டவாளத்தையும் தண்டவாளத்துல ஏத்திடலாம்.

ரோட்டுப் பலகையில மாமல்லபுரம். ஆனா 1984-ல யுனெஸ்கோ பட்டியல்ல ஏறின பேர் மகாபலிபுரம். வெளிநாட்டுக்காரர் கையில இருக்கற கைடு புத்தகத்துலயும் பெரும்பாலும் அதேதான். நல்ல மேப்புன்னா எந்தப் பேரைப் போட்டாலும் ஒரே கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போகணும். அடுத்தது சதுரங்கப்பட்டினம். டச்சுக் கோட்டை இருக்கே, அதே ஊர்தான். வெள்ளைக்காரன் வாயில நுழையாம 'சட்ராஸ்' ஆயிடுச்சு. ரெண்டு பேரும் ஒரே ஊர்னு பெட்டிக்குத் தெரியுமா? கோவளம்னு போட்டுப் பாருங்க. ஈசிஆர்ல ஒரு கோவளம், கேரளாவுல ஒரு கோவளம், கன்னியாகுமரி பக்கத்துல இன்னொண்ணு. எது வேணும்னு கேக்கற பெட்டி நல்ல பெட்டி. கேக்காமலேயே திருவனந்தபுரத்துக்கு வழி சொல்ல ஆரம்பிச்சா அதோட கதை முடிஞ்சுது :-)

திருக்கழுக்குன்றத்தை ஆங்கிலத்துல எத்தனை விதமா எழுதறாங்கன்னு எண்ணி முடியாது. நம்ம 'ழ'வை மேப் போடறவங்க ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு மாதிரி எழுதறாங்க. அரசாங்கமே இதுல திணறினது ஞாபகம் இருக்கும். 2020 ஜூன்ல 1,018 ஊர்களோட ஆங்கில எழுத்தை மாத்தி உத்தரவு வந்துது. வேலூர், கோயம்புத்தூர் எழுத்துக்கூட்டலைப் பாத்து ஊரே சிரிச்சுது. அதே மாசம் வாபஸ். அதனால தமிழ்லயே தட்டச்சிட்டுத் தேட முடியுதான்னு முதல்ல பாருங்க. கூகுள் மேப்ஸ்ல 2018 முதல் தமிழ்க் குரல் இருக்கு. தனிப்பெட்டிகள்ல இது கிடைக்குமான்னு கடையிலயே கேட்டுடுங்க.

மேப் எவ்வளவு புதுசுன்னு பாக்க ரெண்டு கேள்வி. ஒண்ணு, செங்கல்பட்டை எந்த மாவட்டத்துல காட்டுது? 2019 நவம்பர்ல தனி மாவட்டம் ஆயாச்சு. இன்னும் காஞ்சிபுரம்னு சொன்னா மேப்புக்கு வயசாயிடுச்சு. ரெண்டு, கிளாம்பாக்கம் பேருந்து முனையம் இருக்கா? 2023 டிசம்பர் 30-ல திறந்தாங்க. ஜிஎஸ்டி ரோட்டுல அவ்வளவு பெரிய கட்டடத்தைக் காணோம்னு சொல்ற பெட்டியை நம்பி ராத்திரி வண்டி ஓட்டாதீங்க.

(நம்ம கல்பாக்கம் அணுமின் நிலையத்தோட ஆங்கிலச் சுருக்கமே 'மேப்ஸ்'தான். ஆனா அது வழி சொல்லாது!)

குறுக்கு வழியும் கலங்கலும்

இதுவரைக்கும் சொன்னது சிரிக்கற விஷயம். இனிமே சொல்றது அப்படி இல்லை.

எங்க மாவட்டம் ஏரி மாவட்டம். பெரிய ரோட்டை விட்டு இறங்கினா ஏரிக்கரை மேலயே போற ரோடு, தரைப்பாலம், ஒரு வண்டி மட்டும் போற ஊராட்சி ரோடு எல்லாம் உண்டு. நேவிகேட்டருக்கு இது எல்லாமே கோடுதான். அஞ்சு நிமிஷம் மிச்சம்னா அந்தப் பக்கம் திருப்பிடும். ஐப்பசி கார்த்திகையில ஏரி நிரம்பி கலங்கல் வழிஞ்சு தரைப்பாலம் மேல தண்ணி ஓடும்ங்கறது அந்தக் கோட்டுல எழுதியிருக்காது. ராத்திரி, மழை, ஹெட்லைட் வெளிச்சத்துல தண்ணியும் தாரும் ஒரே பளபளப்பு. உள்ளூர்க்காரன் நின்னுடுவான். லண்டன்லேருந்து வந்தவன் குரலை நம்பிப் போவான்.

மிகைப்படுத்தலை. 2023 அக்டோபர் 1-ம் தேதி ராத்திரி கேரளாவுல கோத்துருத்துங்கற இடத்துல, மழையில மேப் பாத்து வந்த கார் ஆத்துல இறங்கி ரெண்டு இளம் டாக்டர்கள் செத்துப்போனாங்க. 2024 நவம்பர்ல உத்தரப்பிரதேசத்துல பரேலி பக்கம், வெள்ளத்துல ஒரு பகுதி போயிருந்த பாலத்து மேல ஏறின கார் ராமகங்கா ஆத்துல விழுந்து மூணு பேர் இறந்தாங்க. மேப்பைப் பாத்துத்தான் வந்தாங்கன்னு போலீஸ் தரப்பு சொல்லுச்சு. நம்ம கூடலூர்ல 2024 ஜனவரியில ஒரு கார் படிக்கட்டுல இறங்கி மாட்டிக்கிச்சு. அது அதிர்ஷ்டம், யாருக்கும் ஒண்ணும் ஆகலை.

குறுகலான ரோட்டைத் தவிர்க்கற வசதியை 2024-ல கூகுள் கொண்டு வந்தப்ப எட்டு நகரங்கள்ல ஆரம்பிச்சாங்க. சென்னையும் கோவையும் உண்டு. செங்கல்பட்டு இல்லை. அந்த வசதி அவசரமா தேவைப்படறது ஏரிக்கரை ஊருக்குத்தான். நகரத்துல தப்பா திரும்பினா ஹாரன் சத்தம் கேக்கும். இங்க தப்பா திரும்பினா தண்ணி.

அதனால எந்தக் கருவி வாங்கினாலும் போற வழி முழுசையும் கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை பாத்துடுங்க. மழைக்காலமா இருந்தா ஜிஎஸ்டி ரோடு, ஈசிஆர், திருக்கழுக்குன்றம் ரோடு மாதிரி பெரிய ரோட்டுலயே போங்க. பத்து நிமிஷம் கூட ஆனா ஆகட்டும். கூட்ரோடு டீக்கடையில கண்ணாடியை இறக்கி "அண்ணே, அந்தப் பக்கம் தண்ணி நிக்குதா?"ன்னு கேளுங்க. அந்த அண்ணன் குடுக்கற தகவல் சுடச்சுட இருக்கும்.

அங்க வேற சட்டம்

வெளிநாட்டுல ரோடு பிரச்சினை இல்லை, சட்டம்தான் பிரச்சினை. இங்கிலாந்துல மைல் கணக்கு. கடலைத் தாண்டி பிரான்ஸ் போனா கிலோமீட்டர், வலது பக்கம் ஓட்டணும். வேக கேமரா எங்க இருக்குன்னு காட்டற கருவியை பிரான்ஸ் 2012-லயே தடை பண்ணிடுச்சு. ஜெர்மனியில ஓட்டுநர் அந்த வசதியைப் பயன்படுத்தக் கூடாது. ஸ்விட்சர்லாந்துலயும் தடை. கேமரா அலர்ட்டை ஒரே பட்டன்ல அணைக்க முடியுதான்னு வாங்கும்போதே பாருங்க.

இங்கிலாந்துல போனைக் கையில பிடிச்சுட்டு ஓட்டினா 200 பவுண்டு அபராதம், லைசென்ஸ்ல 6 புள்ளி. ஸ்டாண்டுல மாட்டியிருந்தா பரவாயில்லை. இந்தியாவுல 2020 அக்டோபர்லேருந்து, கவனம் சிதறாம வழி பாக்கறதுக்கு மட்டும் போனைப் பயன்படுத்தலாம்னு விதி. இருந்தாலும் ஸ்டாண்டு வாங்கிடுங்க. ஒரு கையில போன், ஒரு கையில ஸ்டியரிங், குறுக்க மாடு... வேணாம்.

அங்கேருந்து வர்றவங்களுக்கு ஒரு எச்சரிக்கை. சாதாரண நேவிகேட்டர் சிக்னலை வாங்க மட்டும் செய்யும், அதைக் கொண்டு வர்றதுல சிக்கல் இல்லை. ஆனா மலையேறறவங்க வச்சிருக்கற, செயற்கைக்கோள் வழியா மெசேஜ் அனுப்பற கருவி இருக்கு பாருங்க, கார்மின் இன்ரீச் மாதிரி, அதுக்கு இந்தியாவுல முன் அனுமதி வேணும். அது தெரியாம பையில போட்டுட்டு வந்த வெளிநாட்டுப் பயணிகள் நம்ம விமான நிலையத்துல கைதாகியிருக்காங்க. "ஜிபிஎஸ்தானே"ன்னு எடுத்துட்டு வந்துடாதீங்க.

சரி, என்னதான் வாங்கறது?

1. ஊருக்கு வர்றதுக்குன்னு தனிப்பெட்டி வேணாம். உங்க போன் போதும். கூகுள் மேப்ஸ் ஒண்ணு, மேப்மைஇந்தியாவோட மேப்பில்ஸ் ஒண்ணு, ரெண்டையும் போட்டுக்குங்க. ஒண்ணுக்கொண்ணு வேற வழி சொன்னா, அங்க ஏதோ விஷயம் இருக்குன்னு அர்த்தம். நிறுத்தி யோசிங்க.

2. கிளம்பறதுக்கு முன்னாடி ஆஃப்லைன் மேப் இறக்கிடுங்க. ரோமிங் இல்லாமலும் டவர் இல்லாமலும் ஓடும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை வச்சு ஓடற ஆர்கானிக் மேப்ஸ், ஆஸ்மாண்ட் ரெண்டும் இதுக்குன்னே இருக்கு.

3. வெளிநாட்டுல மாசத்துல பாதி நாள் நீண்ட தூரம் ஓட்டறவங்களுக்கு தனிப்பெட்டி நல்லது. போன் சூடாகாது, கால் வந்தா மேப் மறையாது. அந்த நாட்டு மேப் இருக்கற பெட்டியா வாங்குங்க. கூடுதல் காசுக்கு இந்தியா மேப் சேக்கறேன்னு சொன்னா, மேல சொன்ன கிளாம்பாக்கம் கேள்வியைக் கேளுங்க.

4. 'லைஃப்டைம் மேப்' நம்ம ஆயுசுக்கு இல்லை, பெட்டியோட ஆயுசுக்கு. சில பழைய பெட்டிகளுக்கு இனிமே அப்டேட் கிடையாதுன்னு 2018-ல டாம்டாம் அறிவிச்சப்பதான் பல பேருக்கு இது புரிஞ்சுது.

5. பீரோவுல கிடக்கற பழைய பெட்டியை யாராவது அன்பளிப்பா குடுத்தா யோசிங்க. ஜிபிஎஸ் வாரக்கணக்கு 1,024 வாரத்துக்கு ஒரு தடவை பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியா 2019 ஏப்ரல் 6-ல திரும்புச்சு. அப்டேட் இல்லாத பழைய பெட்டிகள்ல சிலது அன்னிக்கே குழம்பிடுச்சு.

கடைசியா ஒண்ணு. மேப் சரியில்லைன்னு திட்டறதோட நாம நிறுத்திக்கறோம். கூகுள்ல திருத்தம் அனுப்ப முடியும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்ல நாமே கணக்கு ஆரம்பிச்சு ஊர்ப்பேரைத் தமிழ்ல எழுதலாம், தண்ணி ஓடற தரைப்பாலத்தைத் தரைப்பாலம்னே குறிக்கலாம். தமிழ்ல தட்டச்சத் தெரிஞ்ச நாம இத்தனை பேர் இருக்கோம். மழை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை அவங்கவங்க ஊரை மேப்ல திறந்து பாருங்க. மூழ்கற ரோடு எதுன்னு நமக்குத்தான் தெரியும். அந்த ஊருக்கு முதல் தடவையா ராத்திரியில கார் ஓட்டிட்டு வர்றவங்களுக்குத் தெரியாது.