கயத்தாற்றுக் காற்றும் கணக்கின் மொழியும்

1799-இல் கட்டபொம்மன் தூக்கிலேற்றப்பட்ட ஊர் என்றே கயத்தாற்றைத் தமிழர் பலரும் அறிவர். அவ்வூருக்கு இற்றைநாளில் வேறொரு சிறப்பும் உண்டு. மேற்குத்தொடர்ச்சி மலையின் செங்கோட்டைக் கணவாய் வழியே புகும் தென்மேற்குப் பருவக்காற்று, கரிசற் காட்டின்மேல் தடையின்றி விரையும் பாதையில் அது அமைந்துள்ளது. சென்னையில் 1998-இல் நிறுவப்பெற்ற நடுவணரசின் காற்றாற்றல் நிறுவனம், டென்மார்க்கு நாட்டின் துணையோடு, காற்றாலைகளை ஆய்ந்து பார்க்கும் நிலையத்தைக் கயத்தாற்றில்தான் அமைத்தது.

அங்குக் காற்று வீசுவது மட்டுமன்று, எண்ணப்படவும் செய்கிறது. 10 மணித்துளிக்கு ஒருமுறை காற்றின் விரைவைப் பதிவதே உலகெங்கும் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவைமுறை. அம்முறைப்படி ஒரே ஒரு கருவி ஓராண்டில் தரும் எண்கள் 52,560. விரைவு, திசை, வெப்பம், அழுத்தம் என்று வெவ்வேறு உயரங்களில் 10 கருவிகள் பூட்டினால் அவ்வெண்கள் ஐந்து இலக்கத்தைத் தாண்டும். அவற்றுள் ஒன்றையொன்று சார்ந்தவை உண்டு; கருவி பழுதுற்றதால் விடுபட்டவையும் உண்டு. இத்தகைய சிக்கலான தரவுகளை மாந்தர் கையாற் கூட்டிக் கழித்துப் பொருள் காண இயலாது. அதற்கென வளர்ந்த துறையே கணினிவழிப் புள்ளியியல்.

அத்துறையின் அறிஞர்கள் கூடும் பன்னாட்டு மாநாடு 1974-இல் வியன்னா நகரில் தொடங்கியது. 1977-இல் புதுதில்லியில் கூடிய பன்னாட்டுப் புள்ளியியல் நிறுவனத்தின் 41-ஆம் பேரவையின்போதே கணினிவழிப் புள்ளியியலுக்கெனத் தனிக் கழகம் தோற்றுவிக்கப்பட்டது. இந்திய மண்ணிற் பிறந்த கழகம் அது. ஆனால் அக்கல்வி, எந்த மண்ணின் காற்றையும் விளைச்சலையும் அளக்கின்றதோ அந்த மண்ணின் மொழியில் இன்னும் பேசத் தொடங்கவில்லை. தமிழகத்துக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் புள்ளியியல் மாநாடுகள் நடைபெறும்போது, வரவேற்பில் தமிழ்த்தாய் வாழ்த்து ஒலிக்கும்; அதன்பின் மேடையிற் பெரும்பாலும் ஆங்கிலமே ஆட்சி செய்யும்.

இதனால் என்ன கேடு என்று வினவுவார் உளர். கேடு உண்டு, அது கரிசற்காட்டு உழவனின் வயிற்றைத் தொடும் கேடு.

சராசரி என்று மக்கள் வழங்கும் நிரவல் அளவை முதற்கண் எடுத்துக்கொள்க. ஓரிடத்திற் காற்று எந்நேரமும் நொடிக்கு 6 மீட்டர் விரைவில் வீசுகிறது. மற்றோரிடத்திற் பாதி நேரம் 3 மீட்டரும், பாதி நேரம் 9 மீட்டரும் வீசுகிறது. இரண்டிற்கும் நிரவல் 6 தான். ஆனால் காற்றின் ஆற்றல் விரைவின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. முதலிடத்தில் அது 216 பங்கு. இரண்டாமிடத்தில் 27-க்கும் 729-க்கும் நிரவலாகிய 378 பங்கு. நிரவல் ஒன்றேயாயினும் ஆற்றல் ஒன்றே முக்கால் மடங்கு! ஆகவேதான் காற்றாய்வாளர் நிரவலோடு அமையாது, காற்று எவ்வெவ் விரைவில் எத்துணை நேரம் வீசிற்று என்னும் பரவலைத் தேடுகின்றனர். அன்னா மாணி அம்மையார் மூலே என்பாருடன் சேர்ந்து 1983-இல் இந்தியாவின் காற்றுத் தரவுகளை நூலாக்கித் தந்தது இத்தகைய ஆய்வுக்கே அடித்தளமாயிற்று.

காற்றுக்கு இத்துணை நுட்பம் காட்டும் கணக்கு, பயிருக்கு என்ன காட்டுகிறது? கோவில்பட்டி, கயத்தாறு வட்டாரங்களில் உழவர் புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பியே பருத்தியும் உளுந்தும் கம்பும் சோளமும் விதைக்கின்றனர். மழை பொய்த்தால் அவர்க்குள்ள ஊன்றுகோல் பயிர்க்காப்பீடு. 2016 முதல் நடப்பிலுள்ள நடுவணரசின் காப்பீட்டுத் திட்டம், தனியொருவர் வயலின் விளைச்சலைப் பெரும்பாலும் பார்ப்பதில்லை. ஊரையோ குறுவட்டத்தையோ ஓர் அலகாகக் கொண்டு, அங்குச் சில வயல்களைச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்து, பயிர் அறுவடைச் சோதனை செய்து, அவற்றின் நிரவலை எடுக்கிறது. அது குறித்த வரம்பு விளைச்சலுக்குக் குறைந்தால்தான் இழப்பீடு.

எடுத்துக்காட்டாக, வரம்பு ஏக்கருக்கு 400 கிலோ என்று கொள்க. தேர்ந்த நான்கு வயல்களில் 600, 500, 350, 150 கிலோ விளைந்தன என்றும் கொள்க. நிரவல் 400. வரம்புக்குக் குறையவில்லை, எனவே எவர்க்கும் இழப்பீடில்லை. 150 கிலோ எடுத்தவன் வீட்டில் அடுப்பெரியாதது அந்நிரவலிற் புலப்படாது. ஒரு கரைக்குப் பெய்த மழை மறு கரைக்குப் பெய்யாத கரிசல் நிலத்தில் இஃது அரிய நிகழ்ச்சியன்று.

கூறெடுக்கும் முறையே தவறு என்பதன்று இதன் பொருள். ஒவ்வொரு வயலையும் அறுத்து அளத்தல் இயலாது. எவரும் தமக்கு வேண்டிய வயலைப் பொறுக்காதிருக்கவே சமவாய்ப்பு முறை வகுக்கப்பட்டது. மகலனோபிசு, சுகாத்மே முதலிய இந்தியப் புள்ளியியல் அறிஞர்கள், எத்துணைப் பெரிய நிலத்துண்டை அறுத்து அளந்தால் பிழை குறையும் என்று 1940-களிலேயே கடுமையாக வழக்காடினர். அவ்வழக்கு ஆங்கிலத்தில் நடந்தது. ஆங்கிலத்திலேயே நூலகங்களில் உறங்குகிறது. எவன் வயல் அறுக்கப்பட்டதோ அவனுக்கு அது சென்று சேரவில்லை. ஆதலால் அவன் முறையையும் அறியான். முறையின் குறையையும் அறியான். சரியாக நடந்த சோதனையிலும் சூதுண்டோ என ஐயுறுகிறான். தவறாக நடந்ததைத் தவறென்று நிறுவவும் வழியற்று நிற்கிறான். அறியாத மொழியில் எழுதப்பட்ட கணக்கு, படிக்காமற் கையொப்பமிட்ட கடன்முறியை ஒக்கும்.

2023-இல் நெல்லின் விளைச்சலையும் கோதுமையின் விளைச்சலையும் மதிப்பிடத் தொலையுணர்வுத் தொழில்நுட்பம் அத்திட்டத்துட் புகுத்தப்பட்டது. நாளை பருத்திக்கும் உளுந்துக்கும் அது வரலாம். அப்போது தீர்ப்பு வயலில் அன்று, கணினியுள் எழுதப்படும். அத்தீர்ப்பின் இயல்பைத் தமிழில் வினவவும் தமிழில் விடைபெறவும் உழவனுக்கு உரிமை வேண்டாவா?

தமிழிற் சொல் இல்லை என்னும் பழைய பாட்டு இனிச் செல்லாது. மேனிலைப்பள்ளிப் புள்ளியியல் நூல்களில் முழுமைத்தொகுதி, கூறு, மாறி, இடைநிலை, முகடு, திட்டவிலக்கம், ஒட்டுறவு, நிகழ்தகவு ஆகிய சொற்கள் பல்லாண்டுகளாகப் பயிலப்படுகின்றன. வாடை, கொண்டல், கோடை, தென்றல் என்று வீசும் திசையால் காற்றைப் பகுத்துப் பெயரிட்ட மொழி இது. தரவை வகைப்படுத்துதலே புள்ளியியலின் முதற்படியாயின், அப்படியைத் தமிழ் என்றோ ஏறிவிட்டது. கயத்தாற்றுக்கு வடமேற்கே சங்கரன்கோவிலில் 1902-இல் தோன்றிய மொழிஞாயிறு பாவாணர், தமிழ் வேரிலிருந்தே எத்துறைக்கும் சொல் முளைக்கும் என்பதைத் தம் வாழ்நாள் உழைப்பாற் காட்டிச் சென்றார். சொல் உண்டு; மேடைதான் இல்லை. பள்ளியில் அச்சொற்களைக் கற்ற கரிசற்காட்டு மாணவன் கல்லூரி வாயிலில் அவற்றைக் களைந்துவிட்டு உள்ளே செல்ல நேர்கிறது.

தாய்மொழியில் ஆய்வு செய்தால் உலகம் அறியாது என்பதும் வெற்றச்சமே. பிரெஞ்சு அறிஞர் பென்சேக்ரி, 1960-களில் மொழித் தரவுகளை ஆயும்பொருட்டுப் புதியதொரு பகுப்பாய்வு முறையைக் கண்டார். 1973-இல் அதனை இரு பெருந் தொகுதிகளாகப் பிரெஞ்சு மொழியிலேயே எழுதினார். உலகம் அதனைத் தேடிச் சென்று கற்றது. தமிழ் மட்டும் இதற்கு ஆகாதோ? யாழ்ப்பாணத்தில் கிறீன் என்னும் அமெரிக்க மருத்துவர் 1864 முதல் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அயலவர் ஒருவர் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் செய்து காட்டியதைத் தமிழ்ப் பேராசிரியர்கள் இன்று செய்யவியலாது என்பது இயலாமையன்று; மனமின்மை.

வேண்டுவன பெரியவையல்ல. தமிழ்மண்ணில் நடைபெறும் ஒவ்வொரு புள்ளியியல் மாநாட்டிலும் ஓர் அமர்வேனும் தமிழில் நிகழ்தல் வேண்டும். அயல்நாட்டார் தம் மொழியிற் பேசுக; அவர்தம் உரைச்சுருக்கம் தமிழிலும் அச்சாகுக. தமிழகத்து நிலம், மழை, காற்று, விளைச்சல் ஆகியவற்றின் தரவுகொண்டு பட்டம் பெறுவோர் தம் முடிவுகளைத் தமிழிலும் வெளியிடுதல் வேண்டும். பயிர் அறுவடைச் சோதனைக்குத் தேர்ந்த வயல்கள் எவை, அளந்த எடை எவ்வளவு, வரம்பு எவ்வாறு கணிக்கப்பட்டது என்பவற்றை ஊராட்சி அலுவலகத்தின் சுவரில் தமிழில் எழுதி ஒட்டுதல் வேண்டும். கல்லூரிப் புள்ளியியல் தமிழிலும் தொடர்தல் வேண்டும்.

கயத்தாற்றுக் காற்றின் ஒவ்வோர் அசைவும் எண்ணாகிறது. கரிசல் வயலின் ஒவ்வோர் இழப்பும் எண்ணாகிறது. அவ்வெண்கள் சென்னைக்கும் தில்லிக்கும் வியன்னாவுக்கும் செல்லட்டும், தடையில்லை. ஆனால் அவை புறப்பட்ட ஊருக்குத் தமிழாகித் திரும்புதல் வேண்டும். தன்னைப்பற்றிய கணக்கைத் தன் மொழியிற் படித்து, சரியாயின் ஏற்கவும் பிழையாயின் மறுக்கவும் வல்லவனே உரிமை மாந்தன். அவ்வுரிமையை உழவனுக்கு ஈட்டித் தருதல் தமிழ்ப் பற்றுடையோர் அனைவரின் கடமையாகும்.