அனுமதி கொடுத்த பிறகு எதற்குப் பலகை?

சென்னை பெரும்பாக்கம் அடுக்குமாடித் திட்டத்தில் வேலை நிற்பதற்கு, 2025 அக்டோபர் கடைசியில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க வேண்டியிருந்தது. அந்த நிலம் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தின் ராம்சார் எல்லைக்குள் வருகிறதா என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை கேட்காமல் எப்படி அனுமதி கொடுத்தார்கள் என்பதே நம் கேள்வி. அதே ஆண்டு ஜனவரியில் சுற்றுச்சூழல் அனுமதி. அடுத்த சில நாளில் கட்டட அனுமதி. நடுவில் மக்களுக்கு இடமே இல்லை.

சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது என்பார்கள். உண்மைதான். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு குறித்த 2006 அறிவிக்கை, கட்டுமானத் திட்டங்களுக்குக் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு தருகிறது. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகள் மனையில் விவரப் பலகை வைக்கச் சொல்கின்றன. அதுவும் அனுமதி கிடைத்த பிறகு. அப்போது அதைப் படித்து என்ன செய்வது? வழக்குப் போடலாம், வக்கீலுக்குக் கொடுக்கப் பணம் இருந்தால்.

விவசாய நிலத்தைக் குடியிருப்பு மனையாக மாற்றக் கேட்கும் மனுவுக்கு முன்கூட்டியே நாளிதழில் அறிவிப்பு வருகிறதே என்பார்கள். அதை எடுத்துப் பாருங்கள். கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு, பரப்பு. எந்தத் தெரு, எந்த ஏரிக்கரை, எந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் என்பது புரியவே புரியாது. தன் வீட்டு சர்வே எண்ணையே பட்டாவைப் பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றிருப்பவர், பக்கத்து நிலத்தின் எண்ணை எப்படி அறிவார்? வாடகைக்கு இருப்பவருக்குப் பட்டாவே கிடையாது. ஆனால் மழைத் தண்ணீர் அவர் வீட்டுக்குள்ளும் வரும். அறிவிப்பு வந்த அன்றைக்கு அந்த நாளிதழை வாங்கியிருக்கவும் வேண்டும். இத்தனையையும் தாண்டி ஆட்சேபம் எழுதிக் கொடுத்தாலும், காரணத்தோடு பதில் வரும் என்ற உறுதி இல்லை.

இங்கிலாந்தில் மனு வந்ததுமே மனை வாசலில் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள், அல்லது பக்கத்து வீடுகளுக்குக் கடிதம் போகிறது. கருத்துச் சொல்ல 21 நாள் உண்டு. அங்கே வீடு கட்டாமலா இருக்கிறார்கள்?

மக்களைக் கேட்டால் தாமதமாகும் என்று சொல்லும் அரசுத் தரப்பினர் யார்? 28.2.1999 வரை விதியை மீறிக் கட்டியவற்றுக்குப் பணம் வாங்கிக்கொண்டு வரன்முறை செய்தவர்கள். பிறகு 1.7.2007 வரை கட்டியவற்றுக்கும் கதவைத் திறந்தவர்கள். மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று சரிந்து 61 பேரைக் கொன்ற 11 மாடிக் கட்டடத்துக்கும் இவர்களுடைய திட்ட அனுமதி இருந்தது. அடுத்த ஆண்டே வெள்ளத்தில் முடிச்சூர் மூழ்கியது. யாரையும் கேட்காமல் முடிவெடுத்து இவர்கள் கண்ட பலன் இதுதான். அந்தப் பகுதியில் குடியிருப்பவருக்குத் தண்ணீர் எந்த வழியாக ஓடும் என்று தெரியும். அவரைக் கேட்க இவர்களுக்கு மனமில்லை.

மனு வந்த அன்றே அந்தத் தெருவுக்குத் தெரிய வேண்டும். தெரு சொன்னது கோப்பில் ஏற வேண்டும். எந்த விதியைத் திருத்த வேண்டுமோ திருத்துங்கள். மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகும் இந்த நேரத்திலும் அதைச் செய்யாதவர்களுக்கு, சென்னையின் அடுத்த இருபது ஆண்டுகளைத் தீர்மானிக்கும் தகுதி கிடையாது.