நுழைவுக் கட்டணம் கட்டிப் பாருங்கள்

2018-இல் ஓவர்வாட்ச் என்ற கணினி விளையாட்டுக்கான ஓவர்வாட்ச் லீக் தொடங்கியபோது, ஓர் அணியின் இடத்துக்கு விலை 2 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. அமெரிக்காவின் பெரிய விளையாட்டு லீக்குகளைப் பார்த்து, நகரத்துக்கு ஓர் அணி என்று போட்ட கணக்கு அது. முதல் ஆண்டுக் கோப்பையை லண்டன் அணி வென்றது. வீரர்கள் எல்லோரும் தென் கொரியர்கள். லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் நடந்தது கலிஃபோர்னியாவில். லண்டனில் இருக்கும் ரசிகர் எதைப் பிடித்துக்கொண்டு இதைத் தன் அணி என்பார்? 2023-இல் லீக்கே முடிவுக்கு வந்தது.

இ-ஸ்போர்ட்ஸில் பணம் போட்டு இழந்தவர்களுக்குத் தரவுப் பற்றாக்குறை இருக்கவில்லை. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது தெரிந்திருந்தது. ஏன் வருகிறார்கள் என்பதுதான் தெரியவில்லை. அது கூட்டத்துக்குள் இருப்பவருக்கு மட்டுமே தெரிகிற விஷயம்.

உதாரணத்துக்கு, நின்டெண்டோவின் 'சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலே' 2001-இல் வந்த வீடியோ சண்டை விளையாட்டு. நிறுவனம் அதை எப்போதோ கடந்து போய்விட்டது, ஆடுபவர்கள் போகவில்லை. புதிய டிவிகளில் பட்டனை அழுத்துவதற்கும் திரையில் அசைவு தெரிவதற்கும் இடையே நொடியின் சிறு துளி தாமதம் விழும் என்பதால், கனமான பிக்சர் டியூப் டிவிகளைக் காரில் ஏற்றி வந்து போட்டி நடத்தினார்கள். வாடகை, பரிசு இரண்டும் பெரும்பாலும் ஆடுபவர்கள் கட்டும் பணத்திலிருந்தே வரும். இரண்டு முறை தோற்றால் வெளியேற்றம் என்பது வழக்கமான விதி. அப்படியென்றால் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஒன்றில்கூட வெல்லாமல் வீடு திரும்புவார். அவரே அடுத்த வாரமும் வந்து கட்டணம் கட்டுகிறார். இந்தத் தொழிலின் அடிப்படை வருமானம் அவர்தான் என்று நான் சொல்வேன். தோற்ற பிறகு பக்கத்து நாற்காலிக்காரரோடு பேசிக்கொண்டே ஆடும் நட்பு ஆட்டங்களுக்காக வருகிறார் அவர். எந்த முதலீட்டு அறிக்கையிலும் அவருக்கு ஒரு வரி கிடையாது.

2013-இல் எவோ என்ற சண்டை விளையாட்டுகளுக்கான பெரிய போட்டியில் ஓர் இடத்தை எந்த விளையாட்டுக்குத் தருவது என்பதை, மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான நன்கொடையை வைத்து முடிவு செய்தார்கள். மெலே ரசிகர்கள் 94,000 டாலருக்கு மேல் திரட்டி வென்றார்கள். ஆனால் அதன் நேரலைக்கு நின்டெண்டோ தடை சொன்னது. எதிர்ப்பு கிளம்பியதும் சில மணி நேரத்தில் பின்வாங்கியது.

இங்கேதான் இந்தத் தொழிலின் முடிச்சு இருக்கிறது. கிரிக்கெட் என்ற ஆட்டத்துக்குச் சொந்தக்காரர் இல்லை; மெலேவுக்கு உண்டு. 2023-இல் நின்டெண்டோ விதித்த வரம்பின்படி, தனி உரிமம் வாங்காமல் ரசிகர்கள் நேரில் நடத்தும் போட்டியில் 200 பேருக்கு மேல் ஆட முடியாது. இருபது ஆண்டு உழைப்பை ஓர் அறிவிப்பு குறுக்கிவிடுகிறது. இது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

வால்வ் நிறுவனம் வேறு வழியில் போனது. தன் டோட்டா 2 விளையாட்டின் உலகப் போட்டிக்காக ரசிகர்கள் வாங்கும் பொருள்களின் விலையில் கால் பங்கைப் பரிசுத் தொகையில் சேர்த்தது. 2021-இல் பரிசு 4 கோடி டாலரானது. 2023-இல் அந்த விற்பனையின் வடிவத்தை நிறுவனம் மாற்றியதும் பரிசு சுமார் 30 லட்சம் டாலராகச் சுருங்கியது. அந்தப் பெரிய தொகை யாருடையது என்பது அப்போது எல்லோருக்கும் புரிந்தது.

இந்தியா 2022 டிசம்பரில் இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டுப் பிரிவாக ஏற்றுக்கொண்டது. ஆனால் அதே ஆண்டு ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற கைபேசி விளையாட்டு செயலிக் கடைகளிலிருந்து நீக்கப்பட்டு, பத்து மாதம் கழித்தே திரும்பியது. அதை நம்பியிருந்த அணிகளும் நேரலை நடத்துபவர்களும் என்ன ஆனார்கள் என்று கேட்டறிய, அவர்களோடு பழகியவர்கள் முடிவெடுக்கும் இடத்தில் இருக்க வேண்டும்.

இதில் பணம் போட நினைப்பவர்களுக்கும் சட்டம் எழுதுபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: முதலில் உங்கள் ஊரில் நடக்கும் ஒரு சிறு போட்டியில் பெயர் கொடுத்து ஆடுங்கள். தோற்ற பிறகும் கடைசி ஆட்டம் வரை அங்கேயே இருங்கள்.