எடைக்குப் போடாதீர்கள்!

மயிலாடும்பாறையிலிருந்து வருஷநாடு செல்லும் சாலையில் பழைய இரும்பு வண்டி ஒன்றைக் கண்டேன். உடைந்த பம்பு, வளைந்த சைக்கிள் இவற்றுக்கு நடுவே தையல் மெஷினின் கால் ஒன்று தலைகீழாகக் கிடந்தது. கொடி பின்னியது போன்ற பக்கச் சட்டங்களும் மிதிபலகையும் கொஞ்சமும் கெடவில்லை. வீட்டுக்கு மோட்டார் மெஷின் வந்துவிட்டதாம். இதை எடைக்குப் போட்டுவிட்டார்களாம்!

அது வார்ப்பிரும்பு. சுத்த இரும்பு உருக 1,538 டிகிரி சூடு வேண்டும். நூற்றுக்கு மூன்று, நான்கு பங்கு கரி கலந்த வார்ப்பிரும்போ 1,200 டிகிரியை ஒட்டியே இளகி, மணல் அச்சுக்குள் தண்ணீராக ஓடும். பூவும் கொடியும் கம்பெனிப் பெயரும் ஒரே வார்ப்பில் விழுவது அதனால்தான்.

நாம் எடைக்குப் போடும் இதே கால், பட்டணத்து ஹோட்டலில் பளிங்குப் பலகையைத் தாங்கி நிற்கிறது. காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் இதற்குத் தனி மரியாதை! நாகரிகம் என்று அவர்கள் செய்வதை நாம் தேவைக்காகச் செய்தால் என்ன?

மேற்கே உள்ள மலைக்காடு 2021 முதல் புலிகள் காப்பகம். தேக்கு மேஜையோ எளியவர் கைக்கு எட்டாதது. மெல்லிய தகரக் குழாயில் செய்த மேஜை, ஈரத் தரையில் அடியிலிருந்தே துருப்பிடிக்கிறது. இந்தக் காலின் மேல் பழைய கதவுப் பலகை ஒன்றை முடுக்கினால் பிள்ளைகள் படிக்க மேஜை தயார்.

கீழே விழுந்தால் உடையாதா என்று சிலர் கேட்கலாம். உடையும். வார்ப்பிரும்பு பாரத்தைத் தாங்கும், அடியைத் தாங்காது. ஆகையால் தூக்கித் திரியும் நாற்காலிக்கு இது உதவாது. ஓரிடத்தில் நிற்கும் மேஜைக்கும் பெஞ்சுக்கும்தான் ஏற்றது. லண்டனில் தேம்ஸ் நதிக்கரையில் 1870-களில் வைத்த ஒட்டக உருவ வார்ப்பிரும்புப் பெஞ்சுகளில் இன்றும் ஜனங்கள் உட்காருகிறார்கள். பம்புசெட்டுக்கு வார்க்கும் கோயமுத்தூர்ப் பட்டறைகளுக்கு பஸ் நிறுத்தத்துப் பெஞ்சுக்குக் கால் வார்ப்பது பெரிய காரியமா? பஞ்சாயத்துகள் கேட்டுப் பார்க்கலாமே!

ஒரு எச்சரிக்கை. விரிசல் கண்டால் சாதாரண வெல்டிங் வைத்துவிடாதீர்கள். பக்கத்திலேயே மறுபடி விரியும். பித்தளை வைத்துப் பற்றவைப்பதே மேல். துருவைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து, ரெட் ஆக்ஸைடு பூசி, பிறகு வர்ணம் அடியுங்கள். சக்கரத்தைக் கழற்றிவிடுங்கள், குழந்தைகளின் விரல் மாட்டும். மிதிபலகை இருக்கட்டும். படிக்கிறபோது அதில் காலை வைத்து ஆட்டிக்கொண்டே இருப்பார்கள், ஆட்டட்டுமே!